தொடுதோலும் தொடுவுணர்வும்

வட்டத்தின் மாதக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்



பெசன்ட் நகர் செருப்பைக் கழற்றும் ஊர். அஷ்டலட்சுமி கோயில் வாயிலில் ஒரு குவியல், அறுபடை வீடு முருகன் கோயில் வாயிலில் ஒரு குவியல், எலியட்ஸ் கடற்கரையில் மணல் தொடங்கும் இடத்தில் இணையிணையாகச் சிதறிக் கிடப்பவை வேறு. ஆண்டுதோறும் ஆகஸ்டு 29 ஆம் நாள் அன்னை வேளாங்கண்ணி ஆலயத்தில் கொடியேறும். அதனையொட்டி வடசென்னையிலிருந்தும் புறநகர்களிலிருந்தும் காவியுடை பூண்டோர் கூட்டங்கூட்டமாகச் சாலையோரம் நடந்து வருவர். செப்டம்பர் 8 ஆம் நாள் பெருவிழா வரை இந்த நடை ஓயாது. அவருள் பலர் கால்களில் செருப்பிராது. அதுவே அவர்தம் நேர்த்தி. சற்றுத் தெற்கே கலாக்ஷேத்ராவில் மாணவியர் வெறுங்காலால் தரையைத் தட்டித் தட்டடவு பயில்வர். ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவர் வெறுங்காலோடு படகைத் தள்ளுவர். வீட்டுக்குள் செருப்பணிந்து நடப்பவர் இவ்வூரில் இன்றும் சிலரே.

வெறுங்கால் இந்த மண்ணில் பணிவின் அடையாளம், தூய்மையின் அடையாளம், கலையின் அடையாளம். கவிஞர்களுக்கோ அது எளிமையின் படிமம். இவற்றுள் எதனையும் பழிப்பது இவ்வுரையின் நோக்கமன்று. ஆனால் அதே மணலில், அதே கல்தளத்தில், தாம் மிதிப்பது முள்ளா பூவா என்று அறிய இயலாத கால்களும் நடக்கின்றன. நீரிழிவு நோயால் உணர்விழந்த கால்கள் அவை. அவற்றைப் பற்றியும், அவற்றைக் காக்க வல்ல செருப்பைப் பற்றியும், அச்செருப்பு தமிழகத்து மண்ணிலேயே உருக்கொண்ட கதையைப் பற்றியும் இங்கே பேசப்பெறுகிறது.

இலக்கிய வட்டத்தில் சொல்லிலிருந்து தொடங்குவதே முறை. சங்க நூல்கள் செருப்பைத் தொடுதோல் என்கின்றன. பெரும்பாணாற்றுப்படை, வணிகர் அணிந்த காலணியை அரணம் என்ற சொல்லால் குறிக்கிறது. கோட்டைக்குரிய சொல் அது! பாதத்தை மறைத்துக் காக்கும் சிறு கோட்டையாகச் செருப்பைக் கண்ட கண் கூர்மையான கண். பின்வந்த பாதரட்சை என்ற வடசொல்லும் காப்பையே சுட்டுகிறது. மிதியடி, குறடு, பாதுகை எனப் பெயர்கள் பெருகின. பரதன் பாதுகையை அரியணையில் வைத்துப் பதினான்கு ஆண்டு ஆண்டான். வேதாந்த தேசிகர் பாதுகையின் மேல் வடமொழியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுலோகங்கள் இயற்றினார். கண்ணப்பர் செருப்பணிந்த காலாலேயே இறைவன் திருமேனியிலிருந்த பூக்களை விலக்கினார் என்று பெரியபுராணம் பேசுகிறது. இவ்வளவு பேசிய சமூகமே செருப்பு என்ற சொல்லை வசையாக்கியது. செருப்புத் தைத்தவரை ஊருக்குப் புறம்பே நிறுத்தியது. பாதுகையைத் தலைமேல் தாங்கிய கதையைக் கேட்டுக் கண்ணீர் உகுத்தவர், அதைத் தைத்த கையைத் தொட மறுத்தனர். இந்த முரண் செருப்பு மருத்துவத்திலும் குறுக்கிடுவதைப் பின்னர்க் காணலாம்.

நீரிழிவைச் சித்த மருத்துவ நூல்கள் மதுமேகம் என்றும் வழங்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிலையம் நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023 இல் வெளிவந்தது. இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடியே 10 இலட்சம் பேருக்கு இந்நோய் உண்டென்று அது மதிப்பிட்டது. நூற்றுக்கு 11 பேருக்கு மேல். இந்த அவையில் அமர்ந்திருப்போரை எண்ணிப் பார்த்தாலே கணக்குப் புலப்படும். கூட்டம் முடிந்தபின் தேநீர் வழங்குபவர் சர்க்கரை போட்டதா போடாததா என்று கேளாமல் கோப்பையை நீட்டுவதில்லை.

கண், சிறுநீரகம், இதயம் ஆகியவற்றை இந்நோய் தாக்கும் என்பது பலரும் அறிந்தது. கால் பின்தங்கிவிடுகிறது. உடம்பிலேயே மிக நீண்ட நரம்புகள் கால்விரல் நுனி வரை ஓடுபவை. பல்லாண்டு கட்டுக்கடங்காது நின்ற சர்க்கரை முதலில் வாட்டுவதும் அவற்றையே. ஆதலால் மரமரப்பு விரல் நுனியில் தொடங்கி, காலுறை ஏறுவது போல மெல்ல மேலேறும். சிலருக்கு எரிச்சலும் ஊசி குத்துவது போன்ற வேதனையும் முன்வரும். அவர் பேறு பெற்றவர், மருத்துவரிடம் போவார். பலருக்கு ஒன்றுமே தோன்றுவதில்லை. உணர்வு போனதை உணர உணர்வு வேண்டுமல்லவா?

நரம்பு வாடும்போது மூன்று கேடுகள் ஒருங்கே நிகழ்கின்றன. வலியும் சூடும் தெரியாமற் போவது ஒன்று. பாதத்துச் சிறு தசைகள் மெலிந்து, விரல்கள் பருந்தின் நகம் போல் வளைந்து, விரலடி எலும்புகள் கீழ்நோக்கித் துருத்துவது மற்றொன்று. வியர்வை வற்றித் தோல் உலர்ந்து வெடிப்பது மூன்றாவது. துருத்திய எலும்பின்கீழ், உடம்பின் சுமை முழுதும் ஒரு காசளவு இடத்தில் இறங்குகிறது. தோல் தன்னைக் காத்துக்கொள்ளக் காய்த்துத் தடிக்கிறது. அந்தக் காய்ப்பே செருப்புக்குள் புகுந்த கூழாங்கல் போலாகி அழுத்தத்தை மேலும் கூட்டுகிறது. அதன் அடியில் இரத்தம் கசிந்து, குழிவிழுந்து, ஒருநாள் புண்ணாக வெளிப்படுகிறது. அதுவரை அம்மனிதர் நாள்தோறும் கார்ல் ஷ்மிட் நினைவிடத்திலிருந்து கடற்கரைச் சாலை நெடுக நடைப்பயிற்சி செய்துகொண்டுதான் இருந்திருப்பார். புண்ணில் கிருமி புகுந்து எலும்பைத் தொட்டால், இரத்தவோட்டமும் குறைந்திருந்தால், விரலோ காலோ போகும் நிலை வருகிறது. புகைப்பவர்க்கு இது இன்னும் விரைந்து வரும்.

வலியில்லாத பாதத்தை உலகுக்கு விளங்கவைத்த மனிதர் கொல்லிமலையில் வளர்ந்தவர். வல்வில் ஓரியின் மலை என்று கவிஞர்கள் கொண்டாடும் அதே கொல்லி. ஆங்கிலேயச் சமயப் பணியாளரின் மகனாக 1914 இல் தோன்றிய பால் பிராண்ட், அங்கு மலைச்சிறுவரோடு திரிந்து வளர்ந்து, இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் பயின்று, 1946 இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். ஒருநாள் செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைக் காணச் சென்றார். ராபர்ட் காக்ரேன் என்ற மூத்த மருத்துவர் அவரை அழைத்துச் சென்று காட்டினார். முடங்கி வளைந்த கையோடு நின்ற நோயாளி ஒருவரின் கைக்குள் பிராண்ட் தம் கையை வைத்து அழுத்தச் சொன்னார். வலுவற்ற பிடியை எதிர்பார்த்தவர் வலியால் துடித்துப்போனார். அந்தக் கை செயலற்ற கையன்று. நல்ல தசைகள் அதில் உயிரோடிருந்தன. அழுகிவிட்டதாக உலகம் கைவிட்ட உறுப்பை மீட்கலாம் என்ற எண்ணம் அந்தப் பிடியில் பிறந்தது.

தொழுநோயில் விரல்கள் தாமே அழுகி உதிர்கின்றன என்பதே அந்நாள்வரை மருத்துவரும் கொண்டிருந்த நம்பிக்கை. பிராண்டும் அவர்தம் குழுவினரும் அதை ஐயுற்றனர். ஒரு சம்பவம் பலமுறை சொல்லப்பட்டது. பண்டக அறையின் துருவேறிய பூட்டைப் பிராண்டால் திறக்க முடியவில்லை. அருகிருந்த மெலிந்த சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். வியந்த மருத்துவர் கீழே நோக்கினால் தரையில் இரத்தத்துளி. சாவி அவன் விரலை எலும்பு தெரியக் கிழித்திருந்தது. சிறுவன் அதை அறியவேயில்லை. அவன் வலிமை வலியின்மையிலிருந்து வந்தது. வலியுள்ள கை எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்திவிடும். இன்னொரு புதிர்: இரவில் உறங்கி எழுந்த நோயாளிக்குக் காலையில் விரலின் ஒரு பகுதி காணாமற் போயிருக்கும். இரவு காவல் இருந்து பார்த்தபோது எலிகள் வந்து கடித்தது தெரிந்தது. அதன்பின் வீடு திரும்பும் நோயாளிகளோடு ஒரு பூனையும் அனுப்பப்பட்டது. மருத்துவ வரலாற்றில் பூனை மருந்தாக எழுதித் தரப்பட்ட இடம் வேலூராகத்தான் இருக்கும்.

பிராண்டின் வாழ்விலும் ஒரிரவு உண்டு. நெடும் பயணம் முடிந்து இலண்டனில் தங்கிய இரவு, காலுறையைக் கழற்றியபோது குதிகாலில் உணர்வில்லை என்று தோன்றியது. ஊசியால் குத்தினார். இரத்தம் வந்தது, வலி வரவில்லை. தொழுநோயாளரோடு ஆண்டுக்கணக்கில் பழகியவருக்கு வேறென்ன தோன்றும்? விடியும்வரை உறக்கமில்லை. காலையில் மீண்டும் ஊசியை எடுத்தார். சுரீரென்று வலித்தது. இரயிலில் ஒருபக்கமாக அமர்ந்து வந்ததால் ஏற்பட்ட மரமரப்பேயன்றி வேறில்லை. வலித்ததற்காக அன்று அவர் மகிழ்ந்தது போல் பிறிதொருவர் மகிழ்ந்திருக்க மாட்டார். பிலிப் யான்சியோடு சேர்ந்து 1993 இல் வெளியிட்ட நூலில், யாரும் வேண்டாத கொடை என்றே வலிக்குப் பெயரிட்டார்.

வலியைப் பகையாகப் பாடும் மரபு கவிஞர்க்கு உண்டு. அதனை மறந்து சற்று நேரம் மருத்துவர் கண்ணால் நோக்கினால், வலி ஒரு காவலாளி என்பது தெளிவாகும். காவலாளி ஓயாது கத்துபவன். ஆதலால் பிறர்க்கு வேண்டாதவன். பிராண்டின் குழுவினர் பின்னாளில் அமெரிக்காவில், செயற்கை வலி ஒன்றை உருவாக்க முயன்றனர். கையுறையிலும் செருப்பிலும் அழுத்தமறியும் கருவிகளைப் பதித்து, அளவு மீறினால் ஒலி எழும்படி செய்தனர். பயன் விளையவில்லை. ஒலி எழுந்தபோதெல்லாம், செய்யும் வேலையை முடித்துவிடும் எண்ணத்தில் நோயாளி கருவியை நிறுத்திவிட்டார். நிறுத்த முடியாததாக இருப்பதே வலியின் பெருமை என்று அந்தத் தோல்வி கற்பித்தது.

பாதம் எவ்வாறு புண்படுகிறது என்று பிராண்ட் வகுத்தது இன்றும் மாறாது நிற்கிறது. ஆணியும் கண்ணாடியும் குத்துவது எவரும் அறிந்த வழி. இறுக்கமான செருப்பு மெல்லிய அழுத்தத்தை மணிக்கணக்கில் தந்து இரத்தவோட்டத்தை நிறுத்துவது இரண்டாம் வழி. உணர்விருந்தால் பத்து நிமிடத்தில் செருப்பைக் கழற்றி விரலை நீவிவிடத் தோன்றும். உணர்வில்லாதவர் திருமண வரவேற்பு முடியும்வரை புதுச் செருப்போடு நிற்பார். மூன்றாவதே நுட்பமானது. மிதமான அழுத்தம், ஆனால் ஆயிரக்கணக்கான முறை, ஒரே இடத்தில். நல்ல காலுடையவர் நெடுந்தூரம் நடக்கும்போது தம்மையறியாமலே நடையை மாற்றுவர், சுமையைப் பாதத்தின் ஓரத்துக்கும் குதிகாலுக்கும் மாற்றி மாற்றி வைப்பர், நொண்டவும் செய்வர். உணர்விழந்தவர் நடை முதலடியிலிருந்து கடைசியடி வரை ஒன்றாகவே இருக்கும். அதன் விலையை விரலடித் தோல் செலுத்தும். நான்காவது, புண் வந்த பின்னும் அதன்மேலேயே நடந்து கிருமியை உள்ளே பரப்புவது. நொண்டாத நடை நல்ல நடை என்று எண்ணுவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

கலாக்ஷேத்ராவின் நடனக்கால் இதற்கு நேர் எதிர். அக்கால் தரையைத் தட்டும். தரை விடை சொல்லும். அவ்விடைக்கேற்ப அடுத்த தட்டு அமையும். உணர்விழந்த கால் தட்டுகிறது, விடை வருவதில்லை.

இனிச் செருப்பு. வேலூரிலும் அதனையடுத்த கரிகிரியிலும் 1950களில் மருத்துவரும் செருப்புத் தொழிலாளரும் ஒரே மேசையில் அமர்ந்தனர். சாதியால் பிரிந்த ஊரில் அதுவே ஒரு மருத்துவம். மரக்குறடு முதலாகப் பல பொருள்களைச் சோதித்த பின், நுண்ணறை ரப்பர் கைகொடுத்தது. கண்ணுக்குத் தெரியாத காற்றறைகள் நிறைந்த, மெத்தென்ற, ஆனால் அமுங்கித் தட்டையாகிவிடாத ரப்பர் அது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து எம்.சி.ஆர். செருப்பு என்றே இன்றும் மருத்துவமனைகளில் வழங்குகின்றனர். அப்பெயருடைய வேட்டிக்கும் இதற்கும் தொடர்பில்லை. கடினத்தை அளக்கும் ஷோர் அளவையில் ஏறத்தாழ 15 பாகை இருக்க வேண்டும் என்பது கணக்கு. விரலால் அழுத்தினால் பாதியளவு அமுங்கி மீள வேண்டும் என்பது தொழிலாளர் கணக்கு. மெத்தை மட்டும் இருந்தால் முள் ஊடுருவும். ஆதலால் அடியில் கடினமான தடிப்பு வேண்டும். பழைய மோட்டார் டயர் அதற்கு உதவியது. ஆணி அடிக்கலாகாது, பசையும் தையலும் மட்டுமே. ஆணி ஒருநாள் மேலேறினால் அதனை அறிவிக்க அங்கே வலி இல்லை.

பின்பட்டையும் இன்றியமையாதது. ஹவாய்ச் செருப்பு விரலிடுக்கின் பிடியை நம்பியது. பிடிக்கும் உணர்வே போன பின் அது வழியில் நழுவும், நழுவியதும் தெரியாது. ஒரு காலில் மட்டும் செருப்போடு வீடு வந்து சேர்ந்தவர்கள் உண்டு. நகைச்சுவையாகத் தோன்றும் இச்செய்தியை மருத்துவர்கள் நோயின் அறிகுறியாகக் குறித்துக்கொள்கின்றனர்.

பிராண்ட் 1966 இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அந்நாட்டில் தொழுநோயாளர் சிலரே. ஆனால் நீரிழிவாளர் கால்களில் அதே புண், அதே இடத்தில், அதே வலியின்மையோடு இருப்பது தெரியவந்தது. சர்க்கரையால் இரத்தவோட்டம் கெட்டது, புண் ஆறாது, காலை எடுப்பதே வழி என்று கருதி வந்தவர்களிடம், பல புண்கள் ஆறாததற்குக் காரணம் அவற்றின்மேல் நடப்பதே என்று அவர் வாதிட்டார். பாதம் முழுதும் ஒட்டிப் பதியுமாறு மாவுக்கட்டுப் போட்டுச் சுமையைப் பரப்பினால், நடமாடிக்கொண்டே இருக்கும் நோயாளிக்கும் புண் சில வாரங்களில் ஆறியது. இந்த மாவுக்கட்டு முறைக்கும் வேர் இப்பக்கமே: 1930களில் இலங்கையிலும் இந்தியாவிலும் தொழுநோய்ப் புண்ணுக்கு அது கையாளப்பட்டது. செங்கற்பட்டிலும் வேலூரிலும் ஏழைத் தொழுநோயாளரிடம் கற்ற பாடம், செல்வ நாடுகளின் நீரிழிவாளர் கால்களைக் காத்தது. அறிவு மேற்கிலிருந்து மட்டுமே வருகிறது என்று எண்ணும் வழக்கத்துக்கு இது நல்ல மறுமொழி. பிராண்ட் 2003 இல் காலமானார்.

சென்னையில் இக்கதை இரு முனைகளில் தொடர்ந்தது. வடசென்னை ராயபுரத்தில் பேராசிரியர் மு. விசுவநாதன் 1954 இல் நீரிழிவுக்கென்றே ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். தெற்கே அடையாற்றில், பெசன்ட் நகரிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க இடத்தில், மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948 முதல் இருந்து வருகிறது. நாயுடம்மா போன்றோரின் தலைமையில் பேர்பெற்ற நிறுவனம் அது. அதன் அண்டைவீடான ஐ.ஐ.டி.யிலும் பாதத்தின்கீழ் எங்கெங்கு எவ்வளவு சுமை விழுகிறது என்பதை அளக்கும் ஆய்வுகள், தொழுநோயாளர் நீரிழிவாளர் இருசாராரிடமும் நடந்தன. ராயபுரத்து மருத்துவரும் அடையாற்றுத் தோல் அறிவியலாரும் கைகோத்து நடத்திய ஆய்வொன்று 2004 இல் வெளிவந்தது. முன்பே பாதப்புண் கண்டு ஆறிய 241 நீரிழிவாளர் அதில் இடம்பெற்றனர். சிலருக்கு நுண்ணறை ரப்பர் பதித்த செருப்பு, சிலருக்குப் பாலியூரித்தேன் நுரை, சிலருக்குப் பாதத்தின் அச்சுக்கேற்ப வார்த்த உள்தளம். மீதியுள்ளோர் தாம் வழக்கமாக அணியும் செருப்பையே அணிந்தனர். ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தபோது, மருத்துவச் செருப்பணிந்தோரில் நூற்றுக்கு 4 பேருக்கே புதிய புண் தோன்றியிருந்தது. வழக்கமான செருப்பணிந்தோரிலோ நூற்றுக்கு 33 பேர். ஓர் ஆய்வைக் கொண்டு எல்லாம் அறுதியிட்டுவிடலாகாது எனினும், மூன்றில் ஒருவர் என்ற எண் சிறிதன்று. விலையுயர்ந்த வார்ப்புத்தளத்துக்கு எளிய ரப்பர் தாழ்ந்துவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

அவ்வாறாயின் எல்லாரும் அச்செருப்பை அணியலாமே? இங்கேதான் முன்சொன்ன முரண் குறுக்கிடுகிறது. எம்.சி.ஆர். செருப்பின் தோற்றமே தொழுநோயாளர் செருப்பு என்று ஊருக்கு அடையாளம் காட்டிவிட்டது. தொழுநோயாளரே அதனால் அதை அணியக் கூசினர்; பிறரைக் கேட்க வேண்டா. மருத்துவமனையில் பெற்ற செருப்பு அலமாரிக்குள் உறங்க, அழகிய மெல்லிய தோற்செருப்பு காலிலேறியது. மருத்துவம் காலைப் பார்த்தது. ஊர் செருப்பைப் பார்த்தது. அழகைச் சிறுமை என்று தள்ளும் மருத்துவர் தோற்பார். செருப்பு அழகாக இருக்க வேண்டும் என்று நோயாளி கேட்பது செருக்கன்று. மனிதராகத் தெருவில் நடக்க வேண்டும் என்ற வேண்டுகோள். பிற்காலத்தில் வண்ணமும் வடிவமும் மாற்றி, சாதாரணச் செருப்பினின்று வேறுபடாதவாறு இவற்றைச் செய்யத் தலைப்பட்டது நற்பணி.

செருப்பைத் தேர்வதில் உணர்விழந்தவருக்கு இயல்பாகவே ஒரு தவறு நேரும். சரியான அளவுள்ளது காலில் இருப்பதே அவருக்குத் தெரியாது. தெரியும் அளவுக்கு இறுக்கமானதையே பொருத்தம் என்று வாங்குவார். ஆகவே காலைக் கேளாமல் காகிதத்தைக் கேட்க வேண்டும். மாலை வேளையில், கால் சற்று வீங்கியிருக்கும்போது, தடித்த தாளின்மேல் நின்று பாதத்தைச் சுற்றி வரைந்து, வெட்டி, அதைச் செருப்பின் உள்தளத்தில் வைத்துப் பார்த்தால் பிதுங்குவதும் மடங்குவதும் கண்ணுக்கே தெரியும். புதுச் செருப்பை முதல்நாள் ஒரு மணி நேரத்துக்குமேல் அணியலாகாது. அணியுமுன் உள்ளே கைவிட்டுத் தடவுவது எந்நாளும் வேண்டும். குழந்தையின் கோலிக்குண்டும் பேனா மூடியும் நாள்முழுதும் காலடியில் கிடந்து புண்ணாக்கியது மருத்துவருக்குப் புதிதன்று. மெட்டி அணியும் மகளிர் விரல் வீங்கினால் அதைத் தளர்த்த வேண்டும். கால் ஆணிக்கு முகச்சவர அலகால் வீட்டிலேயே வைத்தியம் செய்வதும், கடையில் விற்கும் ஆணிப் பிளாஸ்திரியை ஒட்டுவதும் வேண்டா. அதிலுள்ள அமிலம் ஆணியோடு நல்ல தோலையும் அரிக்கும். வெந்நீரில் கால் வைக்குமுன் சூட்டை அறிய முழங்கையை நம்பலாம், காலை நம்பலாகாது.

இவையெல்லாம் தெருவுக்குரியவை. வீட்டுக்குள்? பன்னாட்டு மருத்துவக் குழு, உணர்விழந்த காலுடையவர் வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கலாகாது என்கிறது. மேலைநாட்டில் இது எளிய அறிவுரை. மயிலாப்பூரிலோ பெசன்ட் நகரிலோ, வாசலில் செருப்பை விட்டு உள்ளே வரும் ஒழுக்கம் தலைமுறைகளாக வந்தது. அந்த ஒழுக்கத்துக்கு நல்ல காரணமும் உண்டு: தெருவின் அழுக்கு வீட்டுக்குள் வரலாகாது. அக்காரணத்துக்கு ஊறு நேராத வழி, வீட்டுக்கென்றே ஒரு தனி இணை வைத்துக்கொள்வது. அது தெருவைத் தொடாத செருப்பு. தரையைப் போலவே தூயது. சமையலறையில் அதை அணியலாமா என்ற பாட்டியின் கேள்விக்கு, கீழே விழும் கத்தியும் தெறிக்கும் எண்ணெயும் சமையலறையில்தான் உண்டு என்பதே விடை. பூசையறை வேறு, அங்கு உட்கார்ந்திருப்பதே மிகுதி, நடப்பதன்று.

கோயில் கடினமான இடம். நண்பகல் கல்தளத்தின் சூடு உணர்வுள்ளவரை ஓடவைக்கும். உணர்வற்றவரை மெல்ல நடக்கவிட்டு, இரவில் கொப்புளமாகக் கணக்குத் தீர்க்கும். விடியற்காலையிலோ மாலை மயங்கிய பின்னோ செல்வது, கயிற்றுப் பாய் விரித்த வழியே நடப்பது, வெளிவந்ததும் பாதத்தைப் பார்ப்பது, இவை இயலும். மைல்கணக்கில் வெறுங்கால் நடை என்பது வேறு. நேர்த்தி செய்தவரிடம் நடக்காதே என்று சொல்லும் உரிமை மருத்துவருக்கு உண்டா என்று கேட்போர் உண்டு. உண்டு என்றே சொல்ல வேண்டும். புண்பட்ட காலைக் கேட்கும் தெய்வம் எந்தச் சமயத்திலும் இல்லை; நேர்த்தியை வேறு வடிவில் செலுத்த எந்தக் குருவும் தடை சொல்லார். கடற்கரை மணலும் அவ்வாறே. சிப்பியும் உடைந்த கண்ணாடியும் தூண்டில் முள்ளும் நிலவொளியில் தெரிவதில்லை. நிலவைப் பாடச் செல்வோர் செருப்போடு சென்றால் நிலவு கோபித்துக்கொள்ளாது.

ஒருவர் கால் உணர்விழந்துவிட்டதா என்று அறியும் வழி ஒன்று மீதமிருக்கிறது. மருத்துவர் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார். அது இல்லாத வீட்டுக்கும் ஒரு சோதனை உண்டு. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவமனையினர் 2011 இல் வெளியிட்டது. கருவி ஒன்றும் வேண்டா. மகளோ மருமகளோ, “அப்பா, கண்ணை மூடிக்கொள்ளுங்கள், தொட்டதும் எந்தக் கால் என்று சொல்லுங்கள்” என்று சொல்லிவிட்டு, சுட்டுவிரல் நுனியால் இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சிறுவிரல் நுனிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொட வேண்டும். பூவைத் தொடுவது போன்ற தொடுகை. ஓரிரு நொடி மட்டும். அழுத்தவோ தட்டவோ கூடாது. தெரியவில்லை என்றால் மறுமுறை தொட்டுப் பார்க்கவும் கூடாது. ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமற் போனால், அந்தக் கால்களை அந்த வாரமே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆறும் தெரிந்தால் ஆண்டுக்கொருமுறை மீண்டும் தொட்டுப் பார்க்கலாம்.